கோலாட்டத்தில் இணைகள் இடம் மாறி ஆடப் பழக்குவது எப்படி?

கொட்டகலை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களும் பாடசாலைக் கல்வியை முடித்த இளைஞர்களும் சேர்ந்து மாரியம்மன் கோயில் முற்றத்தில் மாலை வேளைகளில் கோலாட்டம் பழகுகிறோம். இது போட்டிக்கென்று அமைத்த குழு அன்று. திருவிழாவிலும் தைப்பொங்கலிலும் தோட்டத்தார் யார் வேண்டுமானாலும் கோலை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்து ஆட வேண்டும் என்பதற்காகவே இதைத் தொடங்கினோம்.

ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வட்டங்கள். உள்வட்டத்தார் வெளிப்புறம் பார்த்தும், வெளிவட்டத்தார் உட்புறம் பார்த்தும் இணையிணையாக எதிரெதிரே நிற்பார்கள். கோலோடு கோல் தட்டும் நான்கு அடி முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் வலப்பக்கமாக நகர்ந்து அடுத்தவரைச் சந்திப்பார்கள். இடையில் ஒரு கட்டத்தில் உள்வட்டத்தார் முழந்தாளிட்டுக் கோல்களைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிக்க, வெளிவட்டத்தார் மேலிருந்து அடிப்பார்கள். அடி கொடுப்பவர், அடி வாங்குபவர் என்று நாங்கள் சொல்வது இவர்களைத்தான்.

யாரும் விதிக்காமலேயே இளைஞர்கள் வெளிவட்டம், பெண்கள் உள்வட்டம் என்று ஆகிவிட்டது. வேலை தேடிக் கொழும்புக்குப் போன இளைஞர்களின் இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் நின்று ஆட உள்வட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஒருநாளும் முழந்தாளிட்டுக் கோலை ஏந்தியிராத பிள்ளைகள், எதிரே இருப்பவர் பிடியைச் சரிசெய்து முடிப்பதற்குள் அடித்துவிடுகிறார்கள். கோலின் நடுவில் விழ வேண்டிய அடி விரல் முட்டியில் விழுகிறது. எல்லோரும் இரண்டு இடங்களிலும் ஆடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு மாலையில் எல்லோரையும் வட்டம் மாறி நிற்கச் சொன்னபோது, நான்கு அடியும் சரியாகவே விழுந்தன. நகரத் தொடங்கியதும் வட்டம் கலைந்துவிட்டது. சிலருக்கு முன்னால் இரண்டு பேர், சிலருக்கு முன்னால் யாருமே இல்லை. இதைப் படிப்படியாகப் பழக்கியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். ஓரிடம் உறுதியான பின் மற்ற இடத்தைக் கற்பிப்பதா, அல்லது தொடக்கத்திலிருந்தே இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பதா?

கீழ்ப்பிரிவு இளைஞன்

டீச்சர், நான் உங்கள் வெளிவட்டத்தில் ஆடுபவன்தான். நேரில் சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகிறேன். திருவிழா நெருங்குகிறது. ஓரிடத்தை ஓரளவு சீராக ஆடத் தொடங்கியிருக்கும் நேரத்தில் எல்லோரையும் மாற்றினால் இருப்பதும் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு மாற்றாட்களைப் பழக்கி வைத்தால் ஆள் வராத குறை தீர்ந்துவிடுமே. உள்வட்டத்தில் முழந்தாளிட எங்களில் சிலர் கூச்சப்படுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஊவா நடனம்

பதுளைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் நடனம் கற்பிக்கிறேன். டீச்சர் எழுதியதில் "நான்கு அடியும் சரியாகவே விழுந்தன, நகரத் தொடங்கியதும் வட்டம் கலைந்துவிட்டது" என்ற வரியிலேயே காரணம் இருக்கிறது.

இரண்டு வட்டத்தாரும் தத்தம் வலப்பக்கம்தான் நகர்கிறார்கள். ஆனால் எதிரெதிரே பார்த்து நிற்பதால் உள்வட்டம் கடிகார முள் செல்லும் திசையிலும் வெளிவட்டம் அதற்கு எதிர்த்திசையிலும் சுற்றும். நெடுநாள் ஒரே வட்டத்தில் ஆடியவர், "என் வலப்பக்கம்" என்று நினைத்து நகர்வதில்லை. "கோயில் வாசலிலிருந்து கொடிமரம் பக்கம்" என்று உடம்பு தானாகவே பழகிவிடுகிறது. அவரை மற்ற வட்டத்தில் நிறுத்தினால் கை சரியாக அடிக்கும், கால் பழைய திசையில் போகும். அவரோடு வட்டம் மாறிய இணையும் அதே தவறைச் செய்வார் என்பதால், பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறு பக்கமும் இழுபடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்தின் நடுவில் இணைகள் வலத்தோள் பக்கமாக ஒருவரையொருவர் கடந்து வட்டம் மாறித் திரும்பி நின்றால், அடுத்துச் சந்திக்க வேண்டியவர் புதியவர் அல்லர். சற்றுமுன் விட்டு வந்தவரே மீண்டும் எதிரே வருவார். ஆடுபவரின் கண் புதியவரையே தேடும். இதை முன்கூட்டியே சொல்லி, கோல் இல்லாமல் ஒரு முறை நடத்திக் காட்டிவிட்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

மீதிப் பாதி காலடியின் அளவில் இருக்கிறது. வெளிவட்டம் பெரியது, அங்கே ஆடுபவர் அகலமாக எட்டு வைக்க வேண்டும். உள்வட்டத்தில் அதே எட்டை வைத்தால் அடுத்த இணையைத் தாண்டிப் போய் நின்றுவிடுவார். வெளியிலிருந்து உள்ளே வருபவரிடம் "பாதத்தை ஒட்டி வை" என்றும், உள்ளிருந்து வெளியே போகிறவரிடம் "தாராளமாக எட்டி வை" என்றும் சொல்லுங்கள். முற்றத்தில் சுண்ணாம்பால் இரண்டு வட்டக் கோடுகள் கீறிவிட்டால் சொல்லவே தேவையிருக்காது.

பழக்கும் முறையைப் பற்றி. இணைகள் இடம் மாறும்போது இரண்டு பேருமே ஒரே நேரத்தில் புதியவர்களாகி விடுகிறார்கள். தடுமாறும் ஒருவரைத் தாங்கிப் பிடிக்க எதிரே ஆள் இல்லை. எட்டு இணைகளில் ஓர் இணையை மட்டும் முதலில் மாற்றுங்கள். நான்கு அடிக்கு ஒரு முறை இணை மாறும் ஆட்டம் என்பதால், மாறிய இருவரும் உடனே பிரிந்து, இடம் மாறாத உறுதியான ஆட்டக்காரர்களையே ஒருவர் பின் ஒருவராகச் சந்திப்பார்கள். எதிரே இருப்பவரின் கோலே அவர்களை வழிநடத்திவிடும். அவர்கள் தேறியதும் இரண்டாவது இணை, பிறகு மூன்றாவது. எல்லோரையும் ஒரே மாலையில் மாற்றுவது வேண்டாம்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே இரண்டு இடங்களையும் கற்பியுங்கள். மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் அவர்களுக்கு இல்லை.

ஹட்டனிலிருந்து பொஸ்டன்

ஹட்டனில் பிறந்து இப்போது அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு அருகில் வசிக்கிறேன். இங்கே நியூ இங்கிலாந்துப் பகுதியில் கொன்ட்ரா என்றொரு ஊர்ப்புறக் கூட்டு நடனம் உண்டு. நீண்ட வரிசைகளில் இணைகள் நிற்க, ஒருவர் மேடையிலிருந்து அசைவுகளை இசைக்குச் சற்று முந்தியே அழைத்துச் சொல்ல, 64 எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் இணையோடு வேறோர் இணையைச் சந்திப்பீர்கள். எவரும் எவரையும் ஆட அழைக்கலாம். டீச்சர் விரும்பும் பொது ஆட்டத்துக்கு இது மிக நெருக்கமானது.

முன்பு ஆண் இடப்பக்கம், பெண் வலப்பக்கம் என்று வகுத்திருந்தார்கள். அண்மைக் காலத்தில் பல ஊர்களில் அதை விட்டுவிட்டு, இரண்டு இடங்களுக்கும் பறவைப் பெயர்களை வைத்து, யார் எந்த இடத்தில் ஆடுவது என்பதை ஆடுபவர்களிடமே விட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே, ஓரிடத்தில் ஆடுபவர் கையில் துணிப்பட்டை கட்டிக்கொள்ளும் வழக்கமும் சில குழுக்களில் இருந்தது. எதிரே வருபவர் எந்த இடத்துக்குரியவர் என்று முகத்தைப் பார்த்து ஊகிக்கத் தேவையில்லை. பட்டையைப் பார்த்தால் போதும். டீச்சரின் வட்டத்திலும் இடம் மாறிய இணைக்கு மட்டும் மணிக்கட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிப் பார்க்கலாம்.

ஊவா நடனம் சொன்னதை இங்கும் கண்ணால் காண்கிறேன். கொன்ட்ராவில் இணைகள் கட்டிப் பிடித்துச் சுழலும் அசைவில் இரண்டு பேருக்கும் பாதவேலை ஒன்றுதான். கை வைக்கும் இடம் மட்டும் வேறுபடும். சுழன்று முடித்ததும் ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் நிற்க வேண்டும். இடம் மாறி ஆடுபவர் சுழலும்போது தவறுவதில்லை. முடிக்கும் கணத்தில் பழைய பக்கத்தில் போய் நின்றுவிடுகிறார். அப்போது அவரோ இணையோ தவறை உணர்வதில்லை. அடுத்த அசைவில் எதிரிலிருந்து வரும் வேறொருவர்தான் தட்டுத்தடுமாறுகிறார். ஆகவே அசைவின் நடுப்பகுதியைத் திரும்பத் திரும்பப் பழக்குவதில் பயன் குறைவு. முடிவையும் அடுத்ததின் தொடக்கத்தையும் ஒட்டிப் பழக்குங்கள். உங்கள் ஆட்டத்தில் நான்காம் அடி, நகர்வு, அடுத்தவரோடு முதலாம் அடி ஆகிய மூன்றை மட்டும் தனியே எடுத்துப் பயிற்சி கொடுக்கலாம்.

முதல் நாளிலேயே இரண்டையும் கற்பிக்கலாமா என்ற கேள்விக்கு இங்குள்ளவர்களில் பலர் வேறு பதில் சொல்வார்கள். புதிதாக வருபவரை அன்றிரவு முழுவதும் ஒரே இடத்தில் ஆடச் சொல்வதே இங்கு பெருவழக்கு. ஆனால் இங்கு வருபவர் ஒரு மாலை மட்டும் ஆடிவிட்டுப் போய்விடலாம். அந்த ஒரு மாலை அவருக்கு இனிதாக அமைய வேண்டும். தோட்டத்தில் அதே ஆட்கள் வாராவாரம் வருகிறார்கள் என்பதால், ஊவா நடனம் சொன்னதே உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தப்புக்காரர்

ஆட்டத்துக்குத் தப்பு என்னும் பறையை வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இடம் மாறப் பழக்கும்போது தப்பை மிக மெதுவாக அடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஓரளவுக்கு மேல் மெதுவாக்கினால் ஆடுபவரின் கால் இரண்டு அடிகளுக்கு இடையில் நின்றுவிடும். நின்ற கால் மீண்டும் பழைய திசையில்தான் கிளம்பும். சாதாரண நடை வேகத்துக்குக் கீழே போக வேண்டாம். வட்டம் மாற வேண்டிய சுற்றுக்கு முந்திய சுற்றில் நான்காம் அடியை உருட்டி வாசித்தால், வாய்விட்டு யாரும் கத்தாமலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாசிப்பவரையும் பயிற்சிக்கு அழையுங்கள். கைபேசியில் பாட்டைப் போட்டுப் பழகிவிட்டுத் திருவிழா அன்று மட்டும் எங்களைக் கூப்பிட்டால் இது கைகூடாது.

காமன் மாஸ்டர்

மஸ்கெலியாப் பக்கத்தில், மன்மதன் ரதி கதையை ஆடும் காமன் கூத்துப் பழக்குகிறவன் நான். கீழ்ப்பிரிவுத் தம்பி கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தார். தம்பி, மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றிக் கூத்தைத் தொடங்கினால் மன்மதனாக ஆடுபவரும் ஆண்தான், ரதியாக ஆடுபவரும் ஆண்தான். நம் தோட்டங்களில் வழிவழியாக அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. சேலை கட்டி, நகை பூட்டி, பூ வைத்து, லயம் லயமாக, அதாவது ஒவ்வொரு குடியிருப்பு வரிசையாகப் போய் எல்லோர் முன்னிலையிலும் ரதியாக ஆடியவரை யாரும் குறைத்துப் பேசியதில்லை. வாசலில் வந்து நின்றதும் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் அடி வாங்கும் இடத்தில் முழந்தாளிடுவதற்குக் கூச்சம் எதற்கு?

நான் பழக்கியவர்களில் முதலில் ரதியாக ஆடிவிட்டுப் பின்னால் மன்மதனுக்கு வந்தவர்களின் ஆட்டம் தனியாகத் தெரியும். ரதி எந்த அடியில் திரும்பி முடிப்பாள், முந்தானை ஒதுங்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு உடம்பில் இருக்கும். மன்மதனை மட்டுமே ஆடியவர் வில்லை வீசிக்கொண்டு ரதியின் இடத்துக்குள் போய்விடுவார்.

ஆனாலும் எல்லா ஆட்டத்திலும் எல்லோரும் மாறலாம் என்று நான் சொல்ல மாட்டேன். காமனில் வேடம் என்பது நேர்த்திக்கடனோடு சேர்ந்தது. விரதம் இருந்து ஏற்ற வேடத்தை அந்த ஆண்டு நடுவில் கைமாற்றக் கூடாது. கோலாட்டத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதில் மாற்றுங்கள், நன்றாக வரும். கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் லீ கெளி என்னும் சிங்களக் கோலாட்டம் ஆடிச் செல்பவர்களை ஒரு முறை நின்று கவனியுங்கள்; கோலோடு கோல் சேரும்போது தோளை எவ்வளவு தளர்வாக வைத்திருக்கிறார்கள் என்பது நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியது.

கொழுந்துக்கூடை

நான் மலையில் வேலை செய்கிறேன். எங்கள் தோட்டத்திலும் கோலாட்டம் உண்டு. பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

உள்வட்டத்தில் ஆடும் பிள்ளையின் ஆட்டத்தை அவளுடைய அம்மாவால் பார்க்க முடிவதில்லை. வெளிவட்டத்தில் நிற்கும் இளைஞர்களின் முதுகுதான் கூட்டத்துக்குத் தெரிகிறது. திருவிழா முடிந்து வீட்டுக்குப் போனதும் "நீ எங்கே நின்றாய்?" என்று கேட்பார்கள். மாற்றாட்கள் இருவரைப் பழக்கினால் போதும் என்று தம்பி சொல்வது ஆள் குறையைத் தீர்க்கலாம், இதைத் தீர்க்காது.

முழந்தாளிடுவதைப் பற்றியும் டீச்சர் யோசிக்க வேண்டும். காலையிலிருந்து செங்குத்தான மலையில் ஏறி இறங்கிவிட்டு, மடுவத்தில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். நாற்பது வயதைத் தாண்டிய அக்காமார் பலருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. சிமெந்துத் தரையில் திரும்பத் திரும்ப முழந்தாளிடுவதை அவர்கள் வாய்விட்டு மறுக்க மாட்டார்கள். பயிற்சிக்கு வராமல் நின்றுவிடுவார்கள். வட்டம் மாறினால் இந்தச் சுமை பகிரப்படும் என்பது நல்லதுதான். அதோடு, முழந்தாளிட முடியாதவர் நின்றபடியே அடி வாங்கவும் இடம் கொடுங்கள். இன்னாரோடு எதிரெதிரே நிற்க விருப்பமில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், காரணம் கேட்காமல் அவளை வேறு வட்டத்தில் நிறுத்துங்கள். எல்லோருக்கும் இரண்டு இடமும் தெரிந்திருந்தால்தான் அப்படி மாற்றி நிறுத்தவும் முடியும்.

கீழ்ப்பிரிவு இளைஞன்

அக்கா எழுதியதைப் படித்த பிறகு மாற்றாட்கள் போதும் என்ற என் கருத்தை விட்டுவிடுகிறேன். முதுகுதான் தெரிகிறது என்பதை உள்ளிருந்து ஆடியிராத நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. மாஸ்டர் ஐயா கேட்ட கேள்விக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. முதல் இணையாக மாற நானே முன்வருகிறேன், டீச்சர்.

ஒன்று கேட்க வேண்டும். அடுத்த ஆண்டு பின்னல் கோலாட்டம் ஆடலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார்கள். கயிறு கையில் இருக்கும்போது இடம் மாறினால் பின்னல் சிக்கிவிடாதா?

ஊவா நடனம்

தம்பி கேட்டது நல்ல கேள்வி. பின்னல் கோலாட்டத்தில் இடம் மாறுவதற்கென்று தனியாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. அது ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மேலே வளையத்திலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, பாதிப் பேர் வலஞ்சுழியாகவும் பாதிப் பேர் இடஞ்சுழியாகவும், எதிரே வரும் ஒருவருக்கு உட்புறமாகவும் அடுத்தவருக்கு வெளிப்புறமாகவும் மாறி மாறிக் கடந்து செல்ல, கயிறு பின்னிக்கொண்டு வரும். பின்னி முடித்ததும் அதை அவிழ்க்க வேண்டும். அப்போது வலஞ்சுழியாகப் போனவர் இடஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகப் போனவர் வலஞ்சுழியாகவும் திரும்பியாக வேண்டும். ஒரே திசையில் மட்டும் ஆடத் தெரிந்தவர் பின்னலாம், அவிழ்க்க முடியாது.

அவிழ்க்கும்போது பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். திசை மாறியதால் உள்ளும் வெளியும் மாற வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. கடைசியாக யாரை உட்புறமாகக் கடந்தீர்களோ, திரும்பியதும் அவரையே முதலில், அதே உட்புறமாகத்தான் கடக்க வேண்டும். ஒவ்வொருவரையும் எந்தப் பக்கமாகக் கடந்தோம் என்பது மாறாது. வரிசை மட்டும் பின்னிருந்து முன்னாக வரும். நான் கோலே கொடுக்காமல், கயிற்றை மட்டும் பிடிக்கச் செய்து, நான்கே பேரை வைத்து இரண்டு கடப்புப் பின்னி உடனே இரண்டு கடப்பு அவிழ்க்க வைப்பேன். அது பிழையில்லாமல் வந்த பிறகுதான் ஆட்களையும் கடப்புகளையும் கூட்டுவேன். ஆட்கள் எப்போதும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கொட்டகலை டீச்சர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன். சனிக்கிழமை மாலை முற்றத்தில் இரண்டு வட்டக் கோடுகளும் கீறி, கோல் இல்லாமல் எல்லோரையும் "என் வலப்பக்கம்" என்று சொல்லியபடியே நடக்க வைப்பேன். பிறகு கீழ்ப்பிரிவுத் தம்பியும் அவருடைய இணையும் மட்டும் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வட்டம் மாறுவார்கள். முழந்தாளிடும் கட்டத்தை அரைமண்டியில் நின்று அடி வாங்குவதாக மாற்றிவிடுகிறேன். கீழே இறங்க விரும்புகிறவர்கள் இறங்கட்டும். இந்தத் திருவிழாவில் நான்கு இணைகள் மாறி ஆடினாலே எனக்குப் போதும். தை மாதத்துக்குள் எல்லோரும் ஆடிவிடுவார்கள்.

தப்புக்கார அண்ணன் சொன்னபடி, எங்கள் தோட்டத்தில் தப்பு வாசிப்பவரையும் சனிக்கிழமைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். நான்காம் அடி உருட்டலை அவர் ஏற்கெனவே வாசித்துப் பார்த்துவிட்டார். ஊவா டீச்சர், பின்னலுக்கு நான்கு பேரை வைத்துப் பழக்கக் கயிறு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

ஊவா நடனம்

வளையத்தின் உயரத்தைப் பொறுத்தது, டீச்சர். வட்டத்தின் விளிம்பில் நின்று கயிற்றைப் பிடித்தால் கை நெஞ்சளவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு முழம் கூடுதலாக விடுங்கள். பின்னல் ஏற ஏறக் கயிறு குறைந்துகொண்டே வரும், அந்த முழம் அப்போது கைகொடுக்கும். நைலோன் கயிறு வழுக்கும். பருத்தித் துணியை முறுக்கிக் கட்டுவது நல்லது.

கீழ்ப்பிரிவு இளைஞன்

வளையத்துக்கு வீட்டில் பழைய சைக்கிள் ரிம் ஒன்று கிடக்கிறது. கம்பிகளைக் கழற்றிவிட்டுச் சனிக்கிழமை கொண்டு வருகிறேன், டீச்சர்.